அப்பாவின் 1978 புல்லட்டைத் தாத்தாவின் வண்டி போல ஆக்க வேண்டும்: எதைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும்?

மன்னார்குடி வயல்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தாவிடம் ஒரு புல்லட் இருந்தது. ஹரித்திராநதிக் கரையில் அதன் மேல் உட்கார்ந்து அவர் எடுத்துக்கொண்ட படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. படத்தின் பின்புறம் 1962 என்று மையால் எழுதியிருக்கிறார். குறுவை பொய்த்த ஒரு வருஷம் கடனை அடைப்பதற்காக வண்டியை விற்றுவிட்டார். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. 1978இல் தானே ஒரு புல்லட் 350 வாங்கினார். அந்த வண்டிதான் இன்றும் எங்களிடம் இருக்கிறது. உரமூட்டை ஏற்றியிருக்கிறது, வாழைத்தார் ஏற்றியிருக்கிறது, என் தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருக்கிறது.

இப்போது அந்த வண்டியைப் படத்தில் உள்ள வண்டி போல ஆக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்பாவுக்கும் சம்மதம். "ஓட்டம் மட்டும் கெடக்கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

படத்தில் தெரிவது: தலைவிளக்குக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னச் சின்ன விளக்குகள். ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை, பின்னால் தனியாக ஒரு மெத்தை. டாங்கில் இரண்டு திருகு போட்டுப் பொருத்திய உலோகப் பெயர்த்தகடு. கறுப்பு வண்டி, டாங்கில் மெல்லிய கோடு. இண்டிகேட்டர் கிடையாது.

எங்கள் வண்டியில் இருப்பது: சின்ன விளக்குகள் உண்டு. நீளமான இரட்டை இருக்கை. மின்சாரத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றியாகிவிட்டது. முன் சக்கரத்தில் பிற்கால வண்டியின் 7 அங்குல டிரம் பிரேக் போட்டிருக்கிறோம். அப்பா மாட்டிய பெரிய உருண்டை இண்டிகேட்டர்கள் நான்கு. டாங்க் மெரூன் நிறம், பெயர்த்தகடு எப்போதோ காணாமல் போய்விட்டது.

ஒரு பட்டறையில் வண்டியை விட்டுக் கேட்டேன். முகப்பைக் கழற்றிவிட்டுத் தனித் தலைவிளக்கு வைக்கலாம், பின்பக்க ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டி நேராக்கலாம், பட்டாளத்துப் பச்சை அடிக்கலாம், பழைய சத்தம் வர சைலன்சருக்குப் பதிலாக வெறும் குழாய் போடலாம் என்கிறார்கள். "இப்போது எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்" என்றும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று எடுத்துச் சொல்ல அவர்கள் அளவுக்கு விவரம் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் பட்டறை எழுதுகிறார்:

தம்பி, முதலில் வண்டியை அந்தப் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அவர்கள் சொன்ன நான்கு வேலைகளும் நான்கு வெவ்வேறு காலத்து வண்டிகளுடையவை. உங்கள் தாத்தாவின் வண்டிக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. உங்கள் படமே அதற்குச் சாட்சி. தலைவிளக்கையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே வார்ப்புக்குள் அடக்கி, இரு பக்கமும் சிறு விளக்கு வைத்த அந்த முகப்பு 1954இல்தான் வந்தது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலையில் 1949 முதல் 1953 வரை செய்த புல்லட்டில் தலைவிளக்கு தனியாக நிற்கும். தாத்தாவின் வண்டியில் சின்ன விளக்குகள் இருக்கின்றன என்றால் அது 1954க்குப் பிந்தைய அமைப்பு. உங்கள் வண்டியிலும் அதே முகப்பு இருக்கிறது. இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாத்தாவின் வண்டியை எப்படிக் கொண்டுவருவார்களாம்?

அந்த முகப்பை வெறும் மூடி என்று நினைத்துவிடாதீர்கள். முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும் மேலே அதற்குள்தான் மரையேறி நிற்கின்றன. அதை எடுத்தால் ஃபோர்க்கின் தலையையே மாற்ற வேண்டும். லேத்தில் ஒரு பலகையைக் கடைந்து ஒப்பேற்றுவார்கள். கொஞ்ச நாளில் ஹேண்டில் நடுங்கத் தொடங்கும். வெண்ணாற்றங்கரைச் சாலையில், பள்ளத்தில், எதிரே டிராக்டர் வரும்போது அந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல், அந்த முகப்பில் இருக்கும் அம்மீட்டர், அதாவது மின்னோட்டத்தைக் காட்டும் முள், போய்விடுவதில்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அது எதற்கென்றே தெரியவில்லை. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் முனை) மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் மேலே வந்து பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அந்த இடத்தில் கிக்கரும் கல் போல நின்றுவிடும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து, இன்னும் ஒரு விரற்கடை கீழே தள்ளி, அதை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. வண்டி பேசும். முள்ளைப் பார்க்காமல் கண்டபடி மிதிப்பவர்களைத்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். கடையில் விற்கும் தனித் தலைவிளக்கில் அம்மீட்டருக்கு இடமே கிடையாது.

அடுத்தது பின் சட்டம். பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கொடுத்ததுதான் போருக்குப் பிந்தைய புல்லட்டின் பெருமை. 1948இல் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பைப் பந்தயத்துக்கு அப்படி ஸ்பிரிங் வைத்த மாதிரி வண்டிகளைக் கொண்டுபோனபோது ஊரே வியந்து பார்த்தது. அதற்கு முன்னால் 1932இல் புல்லட் என்ற பெயரில் முதலில் வந்த வண்டிகளில்தான் பின்பக்கம் இறுகிய சட்டம். ஆனால் அவற்றின் எஞ்சின் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். உங்கள் எஞ்சின் நிமிர்ந்து நிற்கிறது. சட்டத்தை வெட்டினாலும் 1932 வராது, 1962உம் போய்விடும், உட்கார்ந்து போகிறவர் இடுப்பும் போய்விடும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் இது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிச் சென்னைத் திருவொற்றியூரில் ஆலை வைத்தபோது இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே கோத்தார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெட்டிச்சில் புல்லட்டை மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் நிறுத்திவிட்டார்கள். திருவொற்றியூரில் அந்த 1955 அமைப்பைப் பல்லாண்டு பெரிதாகத் தொடவே இல்லை. ஆகவே உங்கள் தாத்தாவின் வண்டியும் அப்பாவின் வண்டியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சிலிண்டர் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., 346 சி.சி., வலக்காலில் கியர், நான்கு கியர் பெட்டி, குதிகாலால் தட்டினால் நியூட்ரலுக்கு வரும் அந்தச் சிறு நெம்புகோல், எல்லாம் அதேதான். ஹேக்ஸா பிளேடு எடுக்காமல், வெல்டிங் வைக்காமல், ஸ்பானரை மட்டும் வைத்துக்கொண்டே படத்தில் உள்ள வண்டியைக் கொண்டுவந்துவிடலாம். மாற்றும் எதையும் திரும்பப் பொருத்த முடிய வேண்டும் என்பதுதான் என் பட்டறையில் சட்டம். கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நிதானமான தாளம் நீண்ட ஸ்ட்ரோக்கிலிருந்தும் கனமான ஃப்ளைவீலிலிருந்தும் வருகிறது. வெறும் குழாய் போட்டால் இரைச்சல் வரும், தாளம் கெடும். பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்து, தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) பார்த்து, நிற்கும்போது ஓடும் வேகத்தை (ஐட்லிங்) குறைத்து வையுங்கள். தெருமுனையில் வரும்போதே வீட்டில் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பார்களே, அந்தச் சத்தம் தானாக வரும்.

தொடக்கூடாதவை: 7 அங்குல பிரேக் அப்படியே இருக்கட்டும். பழைய 6 அங்குலத்துக்குத் திரும்ப வேண்டாம். படம் எடுத்த காலத்துச் சாலையில் மாட்டுவண்டி ஓடியது, இன்று அதே சாலையில் மணல் லாரி ஓடுகிறது. 12 வோல்ட்டும் இருக்கட்டும். 6 வோல்ட் விளக்கு வெளிச்சத்தில் ஆற்றங்கரையில் இரவில் போனவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தால் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும், அதற்குள் பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போதுள்ள மிக்கார்ப் கார்புரேட்டரை எடுத்துவிட்டுப் பழைய ஆமல் கம்பெனி கார்புரேட்டரைத் தேடி அலையவும் வேண்டாம். தேய்ந்துபோன ஆமல்தான் கிடைக்கும், ஐட்லிங்கே நிற்காது.

மாற்ற வேண்டியவை: இருக்கை, நிறம், கோடு, பெயர்த்தகடு, பின் விளக்கு. அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வந்த பையன்களிடம் நட்டு போல்ட்டைக் கொடுக்கும்போது எச்சரிக்கை. இந்த வண்டியில் பாதி மரை பழைய பிரிட்டிஷ் அளவு. மில்லிமீட்டர் நட்டு இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும், அதை ஸ்பானர் போட்டு அமுக்கினால் மரை தின்றுபோகும். கழற்றிய போல்ட்டைக் கழற்றிய இடத்திலேயே திரும்பப் போட வேண்டும்.

திருவாரூர் வாசகர் எழுதுகிறார்:

கும்பகோணத்து அண்ணன் இயந்திரத்தைச் சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி அழகாக வந்தபிறகு ஆர்.சி. புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றில், மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

பட்டாளத்துப் பச்சை அடிக்கவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. சைலன்சர் இல்லாத வண்டிக்கு 120ஆம் விதி இடம் தராது. வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் நேராகப் போய் இடிக்கும். தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்திவிட்டது. வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் இருக்கும் இடத்துக்கு அருகில் வெல்டிங் தடம் தெரிந்தால் பதிவைப் புதுப்பிக்கும்போது கேள்வி மேல் கேள்வி வரும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியவர் நீங்கள்தானே.

மெரூனிலிருந்து கறுப்புக்குப் போவதில் தடையில்லை. ஆனால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். உங்கள் வண்டிக்கு 2028இல் 50 முடிகிறது. ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவில் வைத்திருந்தால்தான் அந்தத் தகுதி. சட்டத்தை வெட்டிய வண்டிக்கு அந்தக் கதவு மூடிவிடும். ஒரு விஷயம்: அந்த எண் வாங்கிவிட்டால் வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வயலுக்குப் போய்வர முடியாது. உங்கள் அப்பா ஓட்டத்தைத்தான் கேட்கிறார். ஆகவே சாதாரணப் பதிவிலேயே வைத்திருங்கள் என்பது என் கருத்து. பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகள் மனம் மாறினால் அவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கும்படி வண்டியை வைத்திருங்கள்.

நாச்சியார்கோயில் வார்ப்படம் எழுதுகிறார்:

பெயர்த்தகடு பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைகளில் கேட்டால் பித்தளையில் வார்த்துத் தருவார்கள். கடையில் கிடைக்கும் தகரத் தகடு ஒரு மழைக்காலம் தாங்காது. வார்த்து, அரம் போட்டு, மெருகேற்றி, வேண்டுமானால் நிக்கல் முலாமும் போட்டுக்கொண்டால் தலைமுறைக்கும் நிற்கும்.

ஆனால் வேறொருவரிடம் பழைய தகட்டை இரவல் வாங்கிவந்து, அதையே வண்டல் மண்ணில் பதித்து அச்செடுக்கச் சொல்லாதீர்கள். பித்தளை ஆறும்போது சுருங்கும். நூறு மில்லிமீட்டர் நீளத் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் போல் குறைந்து வரும். பார்வைக்குத் தெரியாது. டாங்கில் வைத்துப் பார்க்கும்போது இரண்டாவது திருகு துளையோடு சேராது. அப்போது டாங்கில் புதுத் துளை போடத் தோன்றும், போட்டால் பெட்ரோல் கசியும். பழைய தகட்டைப் பார்த்து அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து மெழுகிலோ மரத்திலோ சற்றுப் பெரிதாக மாதிரி செய்யச் சொல்லுங்கள். துளைகளை வார்ப்பில் விடாமல், வார்த்தபின் டாங்கில் வைத்துக் குறித்து அப்புறம் போடுங்கள். எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக வர வேண்டுமானால் சுவாமிமலைக்குப் போய் மெழுகு வார்ப்பில் செய்துகொள்ளலாம், கூலி கூடும்.

தகட்டின் பின்புறத்தில் உங்கள் வீட்டார் பெயரையும் வார்த்த ஆண்டையும் பொறித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு யாரும் இதைப் பழைய தகடு என்று சொல்லி விற்றுவிடக்கூடாது.

மன்னார்குடி வயல்காரன் பதில் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. கும்பகோணம் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மீட்டர் முள்ளைப் பற்றி வந்த இடத்தில் நிறுத்தி இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வண்டியை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சட்டத்தைத் தொடப் போவதில்லை. நிறம் கறுப்பு. விண்ணப்பம் கொடுக்கிறேன். தகட்டின் பின்னால் பெயர் பொறிக்கும் யோசனை வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒற்றை இருக்கை வைத்தால் அம்மா எப்படி உட்காருவார்? அவர் ஒரு பக்கமாக உட்கார்ந்துதான் பழக்கம். கோடு போட ஆள் எங்கே கிடைப்பார்? ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு விருப்பமில்லை. இண்டிகேட்டரைக் கழற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

கும்பகோணம் பட்டறை எழுதுகிறார்:

அம்மா உட்கார வேண்டும் என்றால் பின்மெத்தையை மட்கார்டின் மேல் மட்டும் வைக்கக்கூடாது. தகடு அமுங்கி டயரில் உரசும். மட்கார்டுக்கு அடியில் சட்டத்தோடு கவ்விப் பிடிக்கும் இரும்புப் பட்டை இரண்டு கொடுத்து, அதன் மேல் மெத்தை. கைப்பிடியும் கால்மிதியும் சேலை காப்பும் கட்டாயம். அவை விதியிலும் இருக்கின்றன, விதி இல்லாவிட்டாலும் நான் போடாமல் வண்டியை வெளியே விடமாட்டேன். முன் இருக்கையின் ஸ்பிரிங் அப்பாவின் எடைக்குத் தக்கதாக இருக்கட்டும். அலங்காரத்துக்கு விற்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒரு பள்ளத்தில் அடிவரை அமுங்கிவிடும். அம்மாவை ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் தையல் போடச் சொல்லுங்கள். அவருக்குச் சரிப்படவில்லை என்றால் இரட்டை இருக்கையே இருக்கட்டும். படத்துக்காக அவரை வருத்த வேண்டாம்.

இண்டிகேட்டரைக் கழற்ற வேண்டாம், சிறியதாக மாற்றுங்கள். கறுப்பு உடல் கொண்ட சின்ன இண்டிகேட்டர்கள் கிடைக்கின்றன. முன்னால் ஹேண்டில் பிடியை ஒட்டியும், பின்னால் எண் தகட்டுக்குக் கீழேயும் வைத்தால் பத்தடியில் கண்ணுக்குப் படாது. திரும்பும்போது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரிந்தால் போதும்.

கோட்டுக்கு ஆள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கடைப் பலகை எழுதியவர்களைத் தேடிப் பிடியுங்கள். பிளெக்ஸ் வந்தபின் கையெடுத்து எழுதும் வேலை அவர்களுக்குக் குறைந்துவிட்டது, கை மட்டும் மறக்கவில்லை. திருவொற்றியூரிலும் டாங்கில் கையால்தான் தங்கக் கோடு இழுத்தார்கள். நீள முடி கொண்ட மெல்லிய தூரிகை, எனாமல் பெயின்ட். சுண்டுவிரலை டாங்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, கையை அசைக்காமல் உடம்பையே நகர்த்தி ஒரே மூச்சில் இழுப்பார்கள். நடுவில் நிறுத்தித் தொடர்ந்தால் அந்த இடம் தடித்துவிடும். டேப் ஒட்டி இழுக்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு பழைய மட்கார்டில் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், வளைவில் கோடு ஒரே தடிமனில் போகிறதா என்று பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்து ஈரக் காற்றில் கறுப்பு வெளுத்துச் சாம்பல் படிந்தது போல் ஆகிவிடும். தை பிறந்து, அறுவடை முடிந்து, காற்று உலர்ந்தபின் டாங்கைக் கொடுங்கள். கோடு நன்றாகக் காய்ந்த பிறகே மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் எனாமல் சுருங்கிவிடும். அதுவரை டாங்கை இறக்காமல் ஓட்டுங்கள். இறக்கும்போது பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே என்னிடம் சொல்லுங்கள், அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் பூச வேண்டாம்.